பிரசவத்திற்கு உடல் தயாராகும் விதம்

தறியில் நாடா ஓடுவதைப் பார்க்கும் அயலார், நெசவு அப்பொழுதுதான் ஆரம்பமாயிற்று என்று எண்ணுவர். நெசவாளிக்கு உண்மை தெரியும். பாவு ஓட்டி, தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்து, உலர்த்தி, அச்சிலும் விழுதிலும் இழை இழையாகக் கோத்துத் தறியில் ஏற்றிய பின்னரே முதல் ஊடை விழுகிறது. அந்த முன்வேலையில் குறையிருந்தால், எவ்வளவு கைத்திறன் உள்ளவரும் நல்ல சீலை நெய்துவிட முடியாது. உழவரும் இதனை அறிவார். கதிர் அறுப்பது ஒரு நாள் வேலை. அந்த நாளைக் கொண்டுவந்து சேர்ப்பது பல மாத வேலை.

பிரசவமும் அத்தகையதே. முதல் வலி தோன்றியபொழுது பிரசவம் தொடங்கியதாக நாம் சொல்லுகிறோம். உண்மையில் அந்த வலி, பல வாரங்களாகத் தாயின் உடலிலும் சிசுவின் உடலிலும் ஓசையின்றி நடந்துவந்த ஒரு பெரிய வேலையின் முடிவுக் கட்டமாகும். அந்த வேலை இன்னதென்று வீட்டிலுள்ளோர் அறிந்திருந்தால், பதற்றத்தினால் விளையும் கேடும், அலட்சியத்தினால் விளையும் கேடும் பெரும்பாலும் நீங்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதுச்சேரிப் பகுதியின் கடற்கரை, வடக்கே கனகசெட்டிக்குளத்தில் தொடங்கித் தெற்கே மூர்த்திக்குப்பம் வரை சுமார் 24 கிலோமீட்டர் நீள்கிறது. அந்த வட எல்லைக் கிராமத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வளைகாப்பு முடிந்து, தலைப் பிரசவத்துக்காகப் பெண் தாய்வீடு வந்திருக்கிறாள். நடுநிசியில் வயிறு இறுகி வலிக்கிறது என்கிறாள். “இது சூட்டு வலிதான், சீரகக் கஷாயம் கொடு, அடங்கிவிடும்” என்கிறார் பாட்டி. “உடனே வண்டி கூப்பிடுங்கள்” என்கிறார் அத்தை. “தெரிந்தவரைக் கூப்பிட்டு ஓர் ஊசி போட்டால் விடியுமுன் குழந்தை பிறந்துவிடும்” என்கிறார் அண்டைவீட்டார். மூவரும் நன்மை கருதியே பேசுகின்றனர். ஆனால் மூவர் சொல்வதும் சரியாக இருக்க முடியாது. எது சரி என்பதை அந்தப் பெண்ணின் உடலைக் கேட்டே அறிய வேண்டும். உடல் என்ன சொல்லுகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

நாள் கணக்கு

கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள், என்பது பொதுக் கணக்கு. அந்த நாளுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் போதும். ஜனவரி 10-ஆம் தேதி தூரமானவளுக்கு அக்டோபர் 17-ஆம் தேதி கெடு நாளாகும். மாதவிலக்கு ஒழுங்கற்றவர்களுக்கு இக்கணக்குத் தவறும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் கணக்கே அவர்களுக்கு நம்பத்தக்கது.

ஆயினும் கெடு நாள் என்பது நீதிமன்ற வாய்தா அன்று. அதே நாளில் பிள்ளை பெறுவோர் நூற்றுக்கு நான்கைந்து பேரே. 37 வாரம் நிறைந்தபின் 42 வாரத்துக்குள் எந்த நாளிலும் இயல்பான பிரசவம் நேரலாம். 37 வாரத்துக்கு முன் பிறப்பது குறைப்பிரசவம். கெடு நாள் கடந்தால் வீட்டிலேயே காத்திராமல் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும்படி நடக்க வேண்டும்.

அடங்கியிருந்த தசை விழித்தெழுதல்

கருப்பை என்பது தசையாலான பை. கருவுறாத காலத்தில் அது சுமார் 70 கிராம் எடையுள்ள சிறு கொய்யாக்காய் போன்றது. நிறைமாதத்திலோ அதன் எடை ஒரு கிலோகிராமுக்கும் சற்று மேலாகிறது. இது குழந்தையின் எடை சேராத கணக்கு. உடலின் தசைகளுள் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு வளர்வது வேறொன்றில்லை.

இத்தனை வலிமை பெற்ற தசை ஒன்பது மாதம் சுருங்காமல் அடங்கியிருப்பது எப்படி? நஞ்சுக்கொடி ஊறச்செய்யும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அதனை அமைதியாக வைத்திருக்கிறது. நிறைமாதம் நெருங்கும்பொழுது அந்த ஹார்மோன் இரத்தத்தில் இருந்தும், கருப்பை அதன் சொல்லுக்கு முன்போல் கட்டுப்படுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்னும் மற்றொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. அதனால் இரண்டு மாறுதல்கள் உண்டாகின்றன.

முதலாவது, தசையின் நுண்ணறைகளுக்கு இடையே சிறு வாயில்கள் திறக்கின்றன. அதுவரை தனித்தனியே துடித்துக்கொண்டிருந்த அறைகள், இப்பொழுது ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்கு நொடியில் கடத்துகின்றன. தேர் இழுக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் போக்கில் வடத்தைப் பற்றி இழுத்தால் தேர் நகராது. ஒரே குரலுக்கு அனைவரும் சேர்ந்து இழுத்தால் நகரும். கருப்பை அந்த ஒற்றுமையை இக்காலத்தில் கற்றுக்கொள்கிறது. கூட்டுறவின் பயனை அறிந்த நமக்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோனை ஏற்கும் இடங்கள் தசையில் பன்மடங்கு பெருகுகின்றன. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்க வல்லது என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அச்சாற்றில் உள்ள ஆக்ஸிடோசினை அமெரிக்க ரசாயன அறிஞர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் செயற்கையாக ஆக்கினார். 1955-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்று பிரசவ அறைகளில் உள்ள ஊசி மருந்து இதுவே. ஆனால் தாயின் உடல் இதனைத் தானே சுரக்கிறது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த அழுத்த, அச்செய்தி மூளைக்குச் சென்று ஆக்ஸிடோசின் மிகுகிறது. அது மிகுந்தால் கருப்பை இன்னும் வலுவாகச் சுருங்குகிறது. தலை இன்னும் அழுத்துகிறது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்துச்செல்லும் சக்கரம், குழந்தை வெளிவந்த பின்னரே ஓய்கிறது.

கருப்பை வாய் கனிதல்

கருப்பை சுருங்குவது மட்டும் போதாது. வாயில் திறக்க வேண்டும். கருப்பையின் வாய் மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள குழல் போன்றது. ஒன்பது மாதச் சுமையைத் தாங்கி, மூடிய நிலையில் உறுதியாக நிற்பது அதன் கடமை. அதனைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவச்சிக்கு, முதலில் மூக்கின் நுனிபோல் கெட்டியாக இருந்தது பின்னர் உதடுபோல் மென்மையாவது புலப்படும்.

இந்த மாறுதலுக்குக் காரணம், அதில் நெருக்கமாகப் பின்னியிருந்த நார்கள் தளர்வதும், இடையில் நீர்ச்சத்து மிகுவதுமே. காய் கனிவது போன்ற மெல்லிய மாறுதல் இது. ஒரே இரவில் நடப்பதன்று. கனிந்த பின்னர் அது நீளம் குறைந்து, மெலிந்து, திறக்கத் தொடங்குகிறது. தலைப் பிரசவத்தில் பெரும்பாலும் முதலில் மெலிந்து பின்னர் திறக்கும். அடுத்த பிரசவங்களில் இரண்டும் ஒருங்கே நடக்கும். முற்றும் திறந்தபொழுது அகலம் 10 சென்டிமீட்டர்.

கர்ப்ப காலம் முழுவதும் கருப்பை வாயில் அடைப்பாக இருந்த பிசின் போன்ற சளி, வாய் நெகிழும்பொழுது இளஞ்சிவப்பாகவோ சிறிது இரத்தக் கோடுகளுடனோ வெளிப்படும். பிரசவம் அண்மையில் உள்ளதென்பதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் அதன்பின் சில மணி நேரத்திலும் வலி வரலாம், சில நாட்களும் செல்லலாம். அதைக் கண்டவுடன் ஓட வேண்டியதில்லை. ஆனால் சளியாக இல்லாமல் இரத்தமாகவே போனால் அது முற்றிலும் வேறு. ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

தலைப் பிரசவத்தில், வலிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே குழந்தையின் தலை இடுப்பெலும்பின் வளையத்துள் இறங்குவதுண்டு. “வயிறு இறங்கிவிட்டது” என்று பெரியவர்கள் சொல்வது இதையே. அப்பொழுது மார்பின் பாரம் குறைந்து மூச்சுவிடுவது எளிதாகும்; சிறுநீர் அடிக்கடி வரும். இரண்டாவது மூன்றாவது பிரசவங்களில் வலி தொடங்கிய பின்னரே தலை இறங்குவது சாதாரணம். ஆகையால், முன்பு பெற்றவள் வயிறு இறங்கவில்லையென்று நிச்சயமாக இருந்துவிடக் கூடாது.

சிசுவின் பங்கு

பிரசவத்துக்குத் தாயின் உடல் மட்டுமே ஏற்பாடு செய்வதில்லை. சிசுவும் தன் பங்கைச் செய்கிறது. தாயின் வயிற்றில் அதன் நுரையீரல்களில் காற்று இல்லை, நீர்மமே உள்ளது. பிறந்தவுடன் அவை விரிந்து காற்றை ஏற்க வேண்டும். விரிந்த காற்றறைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்பான பூச்சு வேண்டும். அந்தப் பூச்சு ஏறக்குறைய 24-ஆம் வாரத்தில் ஊறத் தொடங்கினாலும், போதுமான அளவுக்குச் சேர்வது 35-ஆம் வாரத்தை ஒட்டியே. குறைப்பிரசவக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவதன் முக்கியக் காரணம் இதுவே.

நியூஸிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் லிக்கின்ஸ் என்பவர் செம்மறியாடுகளை ஆராய்ந்து, குட்டியின் உடலில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனே பிரசவத்தைத் தொடங்கிவைக்கிறது என்று கண்டார். அதே ஹார்மோன் குட்டியின் நுரையீரலையும் பக்குவப்படுத்தியது. அவரும் ஹவி என்னும் மருத்துவரும் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குறைப்பிரசவம் நேரும் நிலையிலுள்ள தாய்க்கு அத்தகைய மருந்தை முன்கூட்டியே ஊசியாகப் போட்டால் குழந்தையின் மூச்சுத் திணறல் குறையும் என்று நிரூபித்தனர். இன்று உலகெங்கும் அது வழக்கத்தில் உள்ளது. இதனால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. 37 வாரத்துக்கு முன் வலி கண்டால் “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தால்தான் அந்த மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

குழந்தையின் மண்டையோடும் பிரசவத்தை எதிர்நோக்கியே அமைந்துள்ளது. அதன் எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று இணையவில்லை. நடுவே உச்சிக்குழி மென்மையாக உள்ளது. குறுகிய வழியில் வரும்பொழுது எலும்புகள் சிறிது ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இடங்கொடுக்கின்றன. பிறந்த குழந்தையின் தலை நீண்டிருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில நாட்களில் தானே சரியாகும். அதனை அழுத்தி உருவாக்க முயல்வதும் தகாது.

இரத்தம் என்னும் சேமிப்பு

சிக்கனமான குடும்பம் கல்யாணச் செலவுக்கு முன்கூட்டியே சேர்த்து வைப்பது போல, தாயின் உடல் இரத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. நிறைமாதத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு, முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு மிகுகிறது. இரத்தத்தை உறையச்செய்யும் பொருள்களும் அதிகமாகின்றன. காரணம் யாதெனில், நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு கழன்றவுடன் அத்தனை குழாய் வாய்களும் திறந்து கிடக்கும்.

அவற்றை மூடுவது எது? இங்கே நெசவாளி வியக்கத்தக்க ஓர் அமைப்பு இருக்கிறது. கருப்பைச் சுவரின் நடு அடுக்கில் தசை இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியுள்ளன. இரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் கண்கள் வழியே செல்கின்றன. குழந்தை பிறந்தபின் கருப்பை இறுகிச் சுருங்கும்பொழுது ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சாகிக் குழாயை நெரித்து மூடுகிறது. கருப்பை சுருங்காமல் சோர்ந்துவிட்டால் அந்த முடிச்சுகள் விழுவதில்லை. சிறிது நேரத்திலேயே தாயின் உயிருக்கு ஆபத்து வருகிறது.

இரத்தச் சோகை உள்ளவள் சேமிப்பே இல்லாமல் அந்தச் செலவை எதிர்கொள்கிறாள். இந்தியாவில் 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. நாலாம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு மாத்திரையாக 180 நாட்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கிவந்து பரணில் வைப்பதால் இரத்தம் ஊறாது. “மாத்திரை தின்றால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்”, “குறைவாகச் சாப்பிட்டால் சுகமாகப் பெறலாம்” என்னும் பேச்சுகளை இனியேனும் விட்டொழிக்க வேண்டும். குறைவாகச் சாப்பிடுவதால் எளிதாவது பிரசவம் அன்று. தாயும் சேயும் நலிவதுதான்.

பொய் வலியும் மெய் வலியும்

கருப்பை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொள்ளும். வயிறு திடீரென இறுகிப் பிறகு தளரும். ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் 1872-இல் இதனை விவரித்தார். நம் பாட்டிமார் அதற்கு வெகு காலம் முன்பே சூட்டு வலி என்று பெயரிட்டிருந்தனர். அதனை மெய் வலியினின்று பிரித்தறிவதே முக்கியம்.

பொய் வலிக்கு ஒழுங்கில்லை. ஒரு சமயம் பத்து நிமிடத்தில் வரும், பிறகு அரை மணி வராது. வலிமை ஏறுவதில்லை. படுத்தாலோ, நடந்தாலோ, தண்ணீர் குடித்தாலோ, வெந்நீரில் குளித்தாலோ தணியும். மெய் வலி ஒழுங்காக வரும், இடைவெளி குறையும், நேரமும் வேகமும் கூடும். பெரும்பாலும் இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றி வரும். எழுந்து நடந்தாலும் படுத்தாலும் அது நிற்பதில்லை. ஆகையால் கடிகாரமே நல்ல சாட்சி. ஒவ்வொரு வலியும் எப்பொழுது தொடங்கிற்று, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.

தலைப் பிரசவமாயின், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு நிமிட அளவு நிற்கும் வலி, ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் புறப்பட வேண்டியதுதான். மருத்துவமனை தூரத்தில் இருந்தால் அதற்கு முன்பே புறப்படலாம். முன்பு பெற்றவர்கள் வலி ஒழுங்குபட்டவுடனேயே புறப்பட வேண்டும். அவர்களுக்கு வேலை வேகமாக நடக்கும். குறைப்பிரசவக் கெடுவுக்குள் இருப்போருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது.

மருத்துவமனை சேர்ந்தபின் “இன்னும் ஆகவில்லையே” என்று தவிப்பதும் வேண்டியதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்தபின்னரே பிரசவம் விரைவுக் கட்டத்தை அடைகிறது. அதற்கு முற்பட்ட மெதுவான கட்டத்துக்குக் கால அளவு வகுக்க இயலாது. விரைவுக் கட்டம் தலைப் பிரசவத்தில் பெரும்பாலும் 12 மணிக்கும், அடுத்தவற்றில் 10 மணிக்கும் மேற்படுவதில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தேயாக வேண்டும் என்ற பழைய விதி எல்லோருக்கும் பொருந்தாது என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. தாயும் சேயும் நலமாயிருக்கும் வரையில், பிரசவம் மெதுவாக நடப்பதே ஒரு நோயன்று. அந்நேரத்தில் நடக்கவும், தண்ணீர் குடிக்கவும், தனக்கு வேண்டிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளவும் தாய்க்கு இடந்தருவது நல்லதென்றும் அது பரிந்துரைக்கிறது.

பொழுதுக்கு முன் விரட்டுதல்

இனி ஊசிப் பேச்சுக்கு வருவோம். அமெரிக்க மானிடவியலாளர் சிசீலியா வான் ஹோலன் 1995-இல் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்து, 2003-இல் நூலாக வெளியிட்டார். வலியை மிகுவிக்கும் ஊசி பிரசவங்களில் எவ்வளவு சாதாரணமாகப் போடப்பட்டது என்பதையும், வலி மிகுந்தால் சக்தி மிகும் என்று கருதிய பெண்களில் பலர் அதனைத் தாமே வேண்டியதையும் அவர் விவரித்துள்ளார்.

ஆக்ஸிடோசின் நல்ல மருந்து. குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு அதனைப் போடுவதால் கருப்பை இறுகி, இரத்தப்போக்குத் தடைப்படுகிறது. அங்கே அது உயிர் காக்கிறது. பிரசவத்துக்கு முன் கொடுப்பதாயின், அளவு பார்த்து, சொட்டுச் சொட்டாக, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி, அவசரமாயின் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய இடத்திலேயே கொடுக்க வேண்டும். வீட்டில் அளவின்றித் தசையில் ஏற்றும் ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. கருப்பை ஓய்வின்றிச் சுருங்கினால் சிசுவுக்குப் பிராணவாயு குறைகிறது. வாய் கனியாத கருப்பை கிழியவும் கூடும். பாவு உலருமுன் தறியில் ஏற்றி வேகமாக அடித்தால் இழை அறும். அறுந்த இழையைப் பிணைக்கலாம். போன உயிரைப் பிணைக்க இயலாது. விளக்கெண்ணெய் கொடுத்து வலி வரவழைப்பதும் இவ்வகைப்பட்டதே. பேதியும் வாந்தியும் கண்டு, பலம் வேண்டிய நேரத்தில் தாய் சோர்ந்துபோகிறாள்.

நாள் பார்த்து அறுவை செய்துகொள்வதும் பொழுதுக்கு முன் விரட்டுவதேயாகும். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவையால் நடந்தன. அவற்றில் தாயின் உயிரையோ சேயின் உயிரையோ காத்தவை பல; தேவையான அறுவையை மறுப்பது அறிவீனம். ஆனால் நட்சத்திரம் நன்றாயிருக்கிறதென்று, மருத்துவக் காரணமின்றி 39 வாரத்துக்கு முன் குழந்தையை எடுக்கச் சொல்வது, முற்றாத கதிரை நல்ல நாள் பார்த்து அறுப்பதற்கு ஒப்பாகும். மூச்சுத் திணறலுடன் பிறக்கும் குழந்தைக்கு நட்சத்திரம் துணை வராது.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் எது கண்டாலும் வலிக்காகக் காத்திராமல், கஷாயம் வைக்காமல், உடனே புறப்பட வேண்டும்:

இரத்தம் போதல். பனிக்குடம் உடைந்து நீர் கசிதல். நீர் பச்சையாகவோ துர்நாற்றத்துடனோ இருந்தால் மிக அவசரம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைதல் அல்லது நின்றுபோதல். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கைகளும் வீங்குதல், வலிப்பு. காய்ச்சல். இடைவெளியின்றி நீடித்து நிற்கும் வயிற்று வலி. 37 வாரத்துக்கு முன் காணும் ஒழுங்கான வலி.

பனிக்குடம் உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் நினைவில் வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீடும் தயாராக வேண்டும்

உடல் வாரக்கணக்கில் தயாராகும்பொழுது, வீடு மட்டும் நடுநிசியில் விழித்துக்கொள்வது முறையன்று. எட்டாம் மாதத்திலேயே எந்த மருத்துவமனை என்று தீர்மானியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நம் கிராமங்களுக்கு இதில் பெரிய குறை இல்லை. கணபதிச்செட்டிக்குளத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சி 1823-இல் புதுச்சேரியில் ஏற்படுத்திய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964 முதல் அப்பெயரோடு கோரிமேட்டில் விளங்குகிறது. 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால் அவசர ஊர்தி வரும். அரசு மருத்துவமனையில் பிரசவமும் அதற்கான போக்குவரத்தும் இலவசம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 முதல் உள்ளது. இத்தனையும் இருந்தும், பை கட்டவில்லை, பரிசோதனைச் சீட்டைக் காணோம், உடன்வர ஆளில்லை என்று இழக்கும் ஒரு மணி நேரமே பல சமயங்களில் கேட்டை விளைவிக்கிறது. சீட்டுகள், துணிகள், சிறிது பணம், தேவையானால் இரத்தம் கொடுக்கக்கூடிய இருவர் பெயர்—இவை முன்னரே ஆயத்தமாகட்டும்.

தறியிலும் வயலிலும் உழைக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். இயல்பான கர்ப்பத்தில் நடமாட்டமும் இலேசான வேலையும் தீங்கல்ல. ஆனால் குழித்தறியில் மணிக்கணக்காக எழாமல் அமர்ந்திருப்பதும், நாளெல்லாம் குனிந்து நடவு நடுவதும், பாரம் தூக்குவதும் கடைசி மாதங்களில் ஆகா. மணிக்கொரு தரம் எழுந்து நடந்து, பகலில் சிறிது படுத்து எழ வேண்டும். பாவு தீரவில்லையென்று அவளைத் தறியில் இருத்துவது எந்தக் குடும்பத்துக்கும் லாபமன்று. அந்த மாதங்களில் அவளுடைய முறை வேலையை மற்றவர் பகிர்ந்துகொள்வதைவிடச் சிறந்த கூட்டுறவு வேறென்ன இருக்கிறது?

இப்பொழுது கனகசெட்டிக்குளத்து வீட்டுக்குத் திரும்புவோம். பெண்ணுக்கு 39 வாரம் நிறைந்து, வலி ஒழுங்கின்றி வந்து, குழந்தை நன்றாக அசைந்து, நீரோ இரத்தமோ காணாமலிருந்தால், பாட்டி சொன்னது சரி. வெந்நீரில் குளித்துப் படுத்திருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் கடிகாரத்துடன் விழித்திருக்கட்டும். வலி ஒழுங்குபட்டு நெருங்கினாலோ, மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலோ, அத்தை சொன்னது சரி. அண்டைவீட்டார் சொன்னது மட்டும் எந்த நிலையிலும் சரியன்று.

பிறந்த குழந்தையை உடனே துடைத்துத் தாயின் மார்போடு அணைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அதையும் உடல் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. குழந்தை சப்பும்பொழுது ஆக்ஸிடோசின் மீண்டும் சுரந்து கருப்பையை இறுக்குகிறது. தாயின் இரத்தத்தைக் காக்கும் வேலையில் பிறந்த முதல் மணியிலேயே குழந்தையும் கைகொடுக்கிறது. அதனைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதுவும் நம் தலைமுறையோடு ஒழியட்டும்.